ஒரே அச்சில் வார்த்த படை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பழைய போர் விளையாட்டுகளின் கோப்புகளை மாற்றி, புதிய படைகளையும் புதிய நிலப்படங்களையும் சேர்த்து ரசிகர்கள் உருவாக்கும் மோட்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதில், வரலாற்றுக்கு உண்மையாக இருப்பதும் கண்ணுக்கு அலுக்காமல் இருப்பதும் மோதிக்கொண்டே தீரவேண்டும் என்பதில்லை என்று போகிறபோக்கில் ஒரு வாக்கியம் எழுதிவிட்டேன். அந்த ஒற்றை வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை அதிகம் என்பதால், பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நானும் என் நண்பனும் 'மெடீவல் 2: டோட்டல் வார்' விளையாட்டுக்கு, ரோமுக்கும் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜுக்கும் நடந்த இரண்டாம் பியூனிக் போரை வைத்து ஒரு சிறிய மோட் செய்துவருகிறோம். ரோமானியப் படை என்றால் எல்லாருக்கும் ஒரே சிவப்பு உடையும் ஒரே கவசமும் இருக்க வேண்டும், அதுதான் வரலாறு என்கிறான் நண்பன். ஒருவனையே நூறு முறை நகலெடுத்தாற்போல் இருக்கிறது என்பதால் ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
(கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: முடிவு உங்களுடையது சரி, காரணம் சரியில்லை. கண்ணுக்கு அலுப்பாக இருக்கிறது என்பதற்காக மாற்றத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போய்விடும். அந்தப் படை உண்மையிலேயே ஆளுக்கு ஆள் வேறுபட்டிருந்தது என்பதற்காக மாற்றுங்கள்; அப்போது எதை, எந்த அளவுக்கு மாற்றுவது என்பதையும் வரலாறே சொல்லிவிடும்.

நீங்கள் எடுத்துக்கொண்ட போர் கி.மு. 218 முதல் 201 வரை நடந்தது. அக்காலத்து ரோமானிய வீரன், சொத்து மதிப்பின்படி படைக்கு அழைக்கப்பட்ட ஒரு குடியானவன். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ், தம் நூலின் ஆறாம் பகுதியில் இந்தப் படையின் உடைமைகளை ஏறக்குறையக் கடைக்காரர் பட்டியல்போல் எழுதிவைத்திருக்கிறார். முன்வரிசையில் நிற்கும் ஹஸ்தாதிகளில் பெரும்பாலோர் மார்பின்மீது ஒரு சாண் அகலமும் ஒரு சாண் நீளமும் உள்ள வெண்கலத் தகட்டைக் கட்டிக்கொள்வார்கள். 10,000 திராக்மாவுக்கு மேல் சொத்து மதிப்புள்ளவர்கள் மட்டும் இரும்பு வளையங்களைக் கோத்த சங்கிலிக் கவசம் அணிவார்கள். தலைக்கவசத்தின்மேல் ஏறத்தாழ ஒரு முழ உயரத்துக்குக் கருஞ்சிவப்பு அல்லது கறுப்பு நிறத்தில் மூன்று இறகுகள் நிற்கும். அவற்றால் ஆள் இருமடங்கு உயரமாகத் தெரிவான் என்கிறார். வெலிதெஸ் எனப்படும் எறியீட்டி இளைஞர்கள் சிலர் சாதாரணத் தலைக்கவசத்தின்மீது ஓநாய்த்தோலைப் போர்த்திக்கொள்வார்கள். தலைக்குக் காப்பாகவும், யார் நன்றாகச் சண்டையிடுகிறான் என்று அதிகாரிகள் தூரத்திலிருந்தே அடையாளம் காணவும் அது உதவிற்று.

இந்தக் குறிப்புகளைப் படித்தவுடன் உங்கள் மாடல் கோப்பு எப்படி இருக்கவேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். ஒரு ஹஸ்தாதி யூனிட்டில் (விளையாட்டில் ஒன்றாக நகரும் வீரர் குழுவில்) பெரும்பகுதிக்குச் சாண் தகடு, சிறுபகுதிக்குச் சங்கிலிக் கவசம். இறகுகள் இரண்டு நிறத்தில். தலைக்கவசங்கள் எல்லாமே உச்சியில் குமிழ் உள்ள மாண்ட்டெஃபோர்ட்டினோ வகை, ஆனால் சிலவற்றில் விளிம்பு வேலைப்பாடு, சில வெறுமையாக. பணக்காரனுக்கும் ஏழைக்கும் உள்ள இடைவெளி உடம்பிலேயே தெரியும். சும்மா வண்ணத்தை மாற்றி அடிப்பதைவிட இது கண்ணுக்கும் நிறைவாக இருக்கும்.

உங்கள் நண்பருக்கும் ஓரளவு இடம் விட்டுவைக்க வேண்டும். உடைக்கும் கூடுதல் ஆயுதத்துக்கும் உரிய தொகை வீரனின் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது என்றும் அதே பாலிபியஸ்தான் எழுதுகிறார். ஆகவே துணியாவது மொத்தமாக வந்து சேர்ந்திருக்கும், கவசத்தில் உள்ள அளவுக்கு அதற்குள் அணியும் சட்டையில் வேறுபாடு இருந்திருக்காது என்று கொள்வது நியாயம். அந்த உடை சிவப்பா வெள்ளையா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நானாக இருந்தால் சாயம் ஏற்றாத கம்பளியின் பழுப்பு வெள்ளையைப் பெரும்பான்மைக்கும், மங்கிய சிவப்பைச் சிலருக்கும் கொடுப்பேன்.

கார்த்தேஜ் பக்கம் இதைவிடச் சுவையானது. கி.மு. 217-இல் டிராசிமீன் ஏரிக்கரையில் ரோமானியப் படையை அழித்தபின், அங்கே கிடைத்த ஆயுதங்களில் சிறந்தவற்றைப் பொறுக்கி எடுத்துத் தன் லிபிய வீரர்களுக்குக் கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் கொடுத்துவிட்டான். மறு ஆண்டு கன்னே போர்க்களத்தில் அவர்கள் ரோமானியக் கோலத்திலேயே நின்றார்கள். பார்த்தால் ரோமானியப் படை என்றே நினைக்கத் தோன்றும் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி. நடுவில் மேற்கு ஐரோப்பாவின் கெல்ட்டியரும் ஸ்பெயினின் ஐபீரியரும் மாறி மாறிக் கூட்டம் கூட்டமாக நிறுத்தப்பட்டிருந்தார்கள். ஐபீரியர் ஓரத்தில் ஊதாக்கரை வைத்த குட்டையான லினன் சட்டை அணிந்திருந்தார்கள்; கெல்ட்டியர் உடையில்லாமல் நின்றார்கள் என்று பாலிபியஸும், இடுப்புக்கு மேல் வெறும் உடம்போடு நின்றார்கள் என்று லிவியும் எழுதுகிறார்கள். (இந்த இடத்தில் லிவியின் பக்கம் சாய்வது மோட் வெளியிடும் தளத்தின் விதிகளுக்கும் வசதி.) இவ்வளவு வேறுபாட்டை எந்த ஓவியனும் தன் கற்பனையிலிருந்து ஒரே வரிசையில் நிறுத்தத் துணியமாட்டான், சான்றுநூலில் இருப்பதை அப்படியே எடுத்து வையுங்கள், போதும்.

கேள்வி: முதல் 'ரோம்: டோட்டல் வார்' விளையாட்டில் எகிப்து எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த நாடாக இருந்தது. வரலாற்றைத் திருத்திய மோட் ஒன்றை நிறுவிய பிறகு, எகிப்து, மக்கெதோனியா, செலூக்கியர் எல்லாரும் நீண்ட ஈட்டியோடு ஒரே மாதிரி நிற்கிறார்கள், விளையாடவே மனமில்லை என்கிறார்கள். சரியான வரலாறு என்பது இத்தனை சப்பென்றா இருக்கும்?
(வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: பிள்ளைகளின் குறையைக் குறையென்றே ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த மோட் வரலாற்றைத் திருத்தத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

2004-இல் வெளிவந்த அந்த விளையாட்டு கி.மு. 270-இல் தொடங்குகிறது. அப்போது எகிப்தை ஆண்டவர்கள் அலெக்சாண்டரின் தளபதி ஒருவர் நிறுவிய தாலமி மரபினர், கி.மு. 305 முதல் கிளியோபாட்ரா இறந்த கி.மு. 30 வரை அவர்கள் ஆட்சிதான். விளையாட்டை உருவாக்கியவர்களோ அதற்கு எட்டு நூற்றாண்டுகள் முற்பட்ட பாரோக்களின் கோலத்தையும் தேர்ப்படையையும் எடுத்துப் போட்டுவிட்டார்கள். இன்றைய போக்குவரத்துக் காவலருக்குப் பிற்காலச் சோழர் காலத்து உடையை மாட்டிவிட்டதற்கு இது ஒப்பு. பார்த்த உடனே எகிப்து என்று தெரியவேண்டும் என்ற அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. புரிவதால் அது சரியாகிவிடாது. 'யூரோப்பா பார்பரோரம்' போன்ற மோட்கள் தோன்றியதற்கு இத்தகைய எரிச்சலும் ஒரு காரணம்.

பாரோவை அகற்றிய பிறகு அந்த இடத்தில் எதை வைப்பது என்பதில்தான் பல மோட்கள் சோம்பிவிடுகின்றன. கி.மு. 217-இல் காசாவுக்குத் தெற்கே ராஃபியா என்ற இடத்தில் நான்காம் தாலமிக்கும் சிரியாவை ஆண்ட செலூக்கிய அரசர் மூன்றாம் அந்தியோக்கஸுக்கும் நடந்த போரை எடுத்துக்கொள்ளுங்கள். தாலமியின் படையில் மக்கெதோனிய ஈட்டி அணியோடு, அதே முறையில் பயிற்சி பெற்ற 20,000 எகிப்தியர், அவ்வாறே ஆயுதம் தரித்த 3,000 லிபியர், திரேசியர், கலாத்தியர் எனப்படும் கெல்ட்டியர், கிரேக்கக் கூலிப்படையினர் எல்லாரும் இருந்தார்கள். தாலமியிடம் 73 ஆப்பிரிக்க யானைகளும் எதிரியிடம் 102 இந்திய யானைகளும் நின்றன. ஆப்பிரிக்க யானைகள் உருவில் சிறியவை என்றும், இந்திய யானைகளின் வாடையும் பிளிறலும் தாங்காமல் ஓடின என்றும் பாலிபியஸ் எழுதுகிறார். செலூக்கியருக்கும் இந்திய யானைக்கும் உள்ள உறவு அந்த மரபின் முதல்வர் சந்திரகுப்த மௌரியரிடம் 500 யானைகளைப் பெற்ற நாள் தொட்டது. ஒரே போர்க்களத்தில் இரண்டு வகை யானைகள்! இதைக் காட்டாமல் இரண்டு பக்கமும் ஒரே யானை மாடலை நிறுத்திவைத்துவிட்டு, வரலாறு அலுப்பானது என்று சொல்வது நியாயமில்லை.

வண்ணத்துக்கும் பஞ்சமில்லை. லெபனானின் சிடோனில் கிடைத்த கிரேக்கக் காலக் கூலிவீரர்களின் கல்லறைப் பலகைகளில் அவர்கள் உடையும் கேடயமும் வண்ணத்தோடு தீட்டப்பட்டுள்ளன. மக்கெதோனியாவின் ஆயியோஸ் அத்தனாசியோஸ் கல்லறை ஓவியத்தில் மேலங்கிகளும் கேடயங்களும் இன்றும் பளிச்சென்று தெரிகின்றன. அடுத்த மோட்டைத் தேர்ந்தெடுக்கும்போது, இவற்றைப் பார்த்து வரைந்தவர்கள் செய்ததா என்று பாருங்கள். பிள்ளைகள் திரும்பி வந்துவிடுவார்கள்.

கேள்வி: பாகங்களை மாற்றி மாற்றிச் சேர்க்கும் வசதி இருக்கும்போது எவ்வளவு வேறுபாடு கொடுப்பது நல்லது? என் மோட்டில் ஒவ்வொரு யூனிட்டும் சந்தைக் கூட்டம்போல் ஆகிவிட்டது. எதிரி யார், நம்மவன் யார் என்றே தெரியவில்லை என்று விளையாடியவர்கள் சொல்கிறார்கள்.
(மென்பொருள் பணியாளர், கோயம்புத்தூர்)

பதில்: மற்றவர்களுக்காக ஒரு விளக்கம். பழைய 'ரோம்' விளையாட்டில் ஒரு யூனிட்டுக்கு ஒரே மாடல்தான்; நூறு பேரும் ஒரே ஆள். 2006-இல் வந்த 'மெடீவல் 2' தலை, உடல், கை, கால், கேடயம் ஆகியவற்றில் பல வகைகளை ஒரே மாடல் கோப்பில் வைக்க இடம் கொடுத்து, அவற்றைக் குலுக்கிச் சேர்த்து ஒவ்வொரு வீரனையும் அமைக்கிறது. நான்கு தலை, நான்கு உடல், மூன்று கால் வரைந்தாலே 48 பேர் கிடைப்பார்கள். அந்தக் கணக்கு தரும் மயக்கத்தில்தான் எல்லாரும் விழுகிறோம், நானும் விழுந்தேன்.

ருமேனியாவின் சியுமெஷ்ட்டி என்ற ஊரில் 1961-இல் ஒரு கெல்ட்டியக் கல்லறையிலிருந்து இரும்புத் தலைக்கவசம் ஒன்று கிடைத்தது. அதன் உச்சியில் வெண்கலப் பறவை ஒன்று சிறகை விரித்து உட்கார்ந்திருக்கும். சிறகுகள் கீல் வைத்துப் பொருத்தப்பட்டவை என்பதால் ஆள் ஓடினால் அவை அசையும். அதன் அழகில் மயங்கி, இரண்டு வாரம் உட்கார்ந்து இறகு இறகாக வரைந்து, என் கெல்ட்டிய யூனிட்டின் எட்டுத் தலைகளில் ஒன்றாக அதைச் சேர்த்துவிட்டேன். 120 பேர் கொண்ட யூனிட்டில் எட்டில் ஒன்று என்றால் பதினைந்து பறவைகள். நான்கு யூனிட் நிறுத்தினால் அறுபது. பறவைப் பண்ணை வைத்திருக்கிறீர்களா என்று சோதித்துப் பார்த்த ஒருவர் கேட்டார்; வாயை மூடிக்கொண்டேன். பின்னர் அந்தத் தலையைத் தளபதியின் மாடலுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். ஒரே ஒரு கல்லறையில் கிடைத்த பொருளைப் படை முழுவதும் தூவுவதும் பொய்தான்; அந்தப் பொருள் உண்மையானது என்பது அந்தப் பொய்யை மன்னிக்காது.

இதிலிருந்து நான் வைத்துக்கொண்ட வழக்கம் இது: கண்ணைப் பிடித்து இழுக்கும் பொருளைச் சாதாரண வீரனுக்குத் தராமல் இருப்பது, வேறுபாட்டை அருகில் வந்தால் மட்டும் தெரியும் இடங்களில் வைப்பது. தாடி, முகம், துணியின் வெளுப்பு, கச்சை, தோல்வாரின் நிறம், கவசத்தில் ஏறிய துரு ஆகியவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றுங்கள். தூரத்திலிருந்து தெரியும் கோட்டுருவத்தை, அதாவது கேடயத்தின் வடிவம், ஈட்டியின் நீளம், தலைக்கவசத்தின் உச்சி ஆகியவற்றை, ஒரு யூனிட்டுக்குள் ஓரிரண்டு வகைக்குமேல் போகவிடாதீர்கள். நீள்வட்டக் கேடயம் வரிசையாகத் தெரிந்தால் அது யார் என்று ஆட்டக்காரர் பின்னாலிருந்தே புரிந்துகொள்வார்.

பழைய 'ரோம்' விளையாட்டு மூன்று ரோமானியக் குடும்பங்களைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்துக் காட்டியதைக் கேலி செய்யாத மோட்காரர் இல்லை. ஆயினும் ஆட்டக்காரருக்கு அடையாளம் வேண்டும் என்ற அவர்கள் எண்ணம் தவறானதன்று. ஓநாய்த்தோல் போர்த்திய வெலிதெஸுக்கும் அதே தேவை இருந்ததைப் பார்த்தோமே. அடையாள நிறத்தைக் கொடியிலும் கொடி தூக்குபவனிடமும் வைத்துவிட்டு, மற்றவர்களின் துணியைச் சாயக்காரன் கையில் விட்டுவிடுவது என் வழி. கெல்ட்டியர் பல நிறச் சட்டையும் கட்டம் போட்ட மேலங்கியும் அணிந்தார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதியிருக்கிறார். ஐரோப்பாவில் அன்று எளிதாகக் கிடைத்த சாயங்கள் என்றால் மேடர் வேரின் சிவப்பும், வோட் இலையின் நீலமும், வெல்ட் செடியின் மஞ்சளும், அவற்றின் கலப்புகளுமே. (மேடரின் சிவப்புக்குக் காரணமான அலிசரின் என்ற பொருள்தான், சோழமண்டலக் கரையின் துணிகளுக்குச் சிவப்பேற்றிய நம் சாயவேரிலும் இருக்கிறது.) இந்த மூன்று சாயத்துக்குள் நின்று, வெயிலில் வெளுத்ததாகவும் தீட்டினால், கட்டமும் கோடும் எத்தனை மாறினாலும் கூட்டம் ஒரே ஊர்க் கூட்டமாகத் தெரியும். கணினியின் வண்ணப்பலகையிலிருந்து ஒரு மின்னும் பச்சையை எடுத்தீர்களானால் அங்கேதான் சந்தை தொடங்கும்.

கேள்வி: டிராஜன் தூணில் எல்லா ரோமானியப் போர்வீரர்களும் ஒரே பட்டைக் கவசத்தில்தானே இருக்கிறார்கள்? கேடயத்தில் மின்னலும் சிறகும் வரைந்திருக்கிறார்களே, அதை எல்லாக் காலத்துக்கும் போடலாமா?
(ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், சென்னை)

பதில்: ரோமில் உள்ள அந்தத் தூண், பேரரசர் டிராஜன் டேசியாவை (இன்றைய ருமேனியப் பகுதியை) வென்றதற்காகக் கி.பி. 113-இல் எழுப்பப்பட்டது. அதே டேசியப் போர்களுக்காக ருமேனியாவின் ஆதாம்கிளிசியில் கி.பி. 109-இல் எழுந்த நினைவுச்சின்னத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: அங்கே அதே படையின் வீரர்கள் சங்கிலிக் கவசத்திலும் செதில் கவசத்திலும் நிற்கிறார்கள், வலக்கையில் பட்டைபட்டையான கைக்காப்பும் இருக்கிறது. தலைநகரத்துச் சிற்பி, தூணில் பார்ப்பவருக்குக் குடிமகன் வேறு துணைப்படையினன் வேறு என்று புரியவேண்டும் என்பதற்காக உடையை ஒழுங்குபடுத்தியிருக்க வேண்டும். போர்முனைக்கு அருகிலிருந்த சிற்பி கண்டதைச் செதுக்கியிருக்கிறார். விளையாட்டை உருவாக்குபவரின் சிக்கலைத் தூணின் சிற்பியும் சந்தித்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு அவர்மீது கோபம் வருவதில்லை. ஆனால் மாடலின்மேல் போர்த்தும் ஓவியமான என் டெக்ஸ்சருக்கு ஆதாம்கிளிசியைத்தான் பார்ப்பேன்.

கேடயச் சின்னங்கள் காலத்தோடு கட்டுண்டவை. கி.பி. 69-இல் கிரெமோனா அருகே நடந்த உள்நாட்டுப் போரில், இரண்டு வீரர்கள் இறந்துகிடந்த எதிரிகளின் கேடயங்களை எடுத்துக்கொண்டு அடையாளம் தெரியாமல் நுழைந்து, பெரிய எறிபொறியின் கயிற்றை அறுத்தார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். அப்படியானால் கேடயத்தைப் பார்த்தே எந்தப் படை என்று சொல்ல முடிந்திருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு லீஜனுக்கு (ரோமானியப் பெரும்படைப் பிரிவுக்கு) ஒரே சின்னம் போடுவது சரியே. சிரியாவின் துரா-யூரோப்போஸில் கிடைத்த, கழுகும் சிங்கமும் தீட்டிய கேடயம் கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை ஹன்னிபால் காலத்து வீரனிடம் கொடுக்க இயலாது.

கேள்வி: சீருடை வந்துவிட்ட காலத்துக்கு, உதாரணமாக நெப்போலியன் காலத்துக்கு, மோட் செய்தால் இந்த வேறுபாட்டுக்கெல்லாம் இடமே இல்லையே?
(வாசகர், பினாங்கு)

பதில்: ஆணையில் இடமில்லை, களத்தில் உண்டு. 1808 முதல் 1814 வரை ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் சண்டையிட்ட இரு தரப்புப் படைகளும், ஊரிலிருந்து துணி வந்து சேராதபோது உள்ளூரில் கிடைத்த பழுப்புத் துணியில் கால்சட்டை தைத்துக்கொண்டன. பிரிட்டிஷ் படையில் சாதாரண வீரனின் சிவப்பு மேடரிலிருந்தும், அதிகாரியின் பளீர்ச் சிவப்புக் கொச்சினீல் பூச்சியிலிருந்தும் வந்தன. ஒன்று செங்கல் நிறமாக வெளுக்கும், மற்றது நிற்கும். ஒரே சீருடைக்குள் இத்தனை இருக்கிறது.

கேள்வி: சான்றே கிடைக்காத இடத்தில் என்ன செய்வீர்கள்? வெறுமையாக விட்டால் டெக்ஸ்சர் முடியாததுபோல் இருக்கிறது.
(வாசகர், மதுரை)

பதில்: முதல் கேள்வி கேட்ட மாணவரின் ஹஸ்தாதி கேடயத்தையே எடுத்துக்கொள்கிறேன். பலகைகளை இரண்டு அடுக்காக ஒட்டி, அதன்மேல் துணியும் கன்றுத்தோலும் போர்த்தி, மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் இரும்புப் பட்டை அடித்து, நடுவில் இரும்புக் குமிழ் வைத்தது என்று பாலிபியஸ் அதன் செய்முறையைச் சொல்கிறார். சின்னம் எதையும் சொல்லவில்லை. எகிப்தின் ஃபாயூம் பகுதியில் 1900-இல் கிடைத்த, 128 சென்டிமீட்டர் நீளமுள்ள பழைய மரக்கேடயம் வடிவத்துக்கு நல்ல துணை. இவற்றை வைத்துக்கொண்டு நான் தோல் நிறத்தில் ஒன்று, வெள்ளை பூசியது ஒன்று, மங்கிய சிவப்புப் பூசியது ஒன்று என்று மூன்று மட்டும் வரைந்தேன். பூச்சு இரண்டும் என் ஊகம் என்று யூனிட் விளக்கத்தில் ஒரு வரி எழுதிவைத்தேன். 'யூரோப்பா பார்பரோரம்' குழுவினர் யூனிட் விளக்கங்களைப் பக்கம் பக்கமாக எழுதிய பழக்கத்தில் எனக்குப் பிடித்தது, ஆட்டக்காரரை விவரம் தெரிந்தவராக நடத்தியதுதான்.

அப்படியும் வெறுமையாகத் தோன்றினால் சின்னத்தைத் தேடி ஓடாமல், இரும்புப் பட்டையில் வெட்டுத்தழும்பும், தோல் ஓரத்தில் பிரிந்த தையலும், கீழ்ப்பாதியில் புழுதியும் ஏற்றிப் பாருங்கள். புழுதிக்குச் சான்று இருக்கிறது: கன்னேயில் அன்று வோல்ட்டுர்னஸ் என்ற காற்று எழுந்து ரோமானியர் முகத்தில் மண்ணை வாரி அடித்தது என்று லிவி எழுதியிருக்கிறார்.